கட்டிங் மாஸ்டர் மகன் கேட்கிறேன்: மிஷினும் வேலையும் பற்றி ஆராயும் பொருளாதாரக்காரர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். எம்.ஏ. பொருளியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 53, இதே வேலையில் 26 வருடம். போன மாதம் அவர் கம்பெனியில் ஆட்டோ கட்டர் வந்து இறங்கியது. நீளமான மேசை, துணியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கம்ப்யூட்டரில் பேட்டர்னைக் கொடுத்தால் அதுவே வெட்டிவிடும். அப்பா இன்னும் பழைய மிஷினில்தான் வெட்டுகிறார். வீட்டில் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. தங்கைதான் யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள்.

இந்த நேரம் பார்த்து நான் ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கும் தலைப்பு தொழில்நுட்பமும் வேலைவாய்ப்பும். நேற்று சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "மிஷின் வந்தா ஆள் குறையும்னு எனக்கே தெரியுது. இதுக்கு எதுக்கு ரெண்டு வருசம் படிப்பு?" எனக்குப் பதில் வரவில்லை, ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். காலையில் ஆபீசுக்குப் போய் என்ன செய்வீர்கள்? ரெக்ரஷன் (எண்களுக்குள் என்ன தொடர்பு என்று கணக்கிடுவது) மட்டும்தானா, இல்லை தொழிலாளியிடம் பேசுவதும் உண்டா? அப்பா மாதிரி ஆட்களுக்கு என்ன ஆகும் என்று உங்கள் ஆராய்ச்சி உருப்படியாக ஏதாவது சொல்கிறதா? மழுப்பாமல் சொன்னால் நல்லது.

நாற்பது_மிஷின்

தம்பி, நான் ஜாப் ஒர்க் யூனிட், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட், வைத்திருக்கிறேன். ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள் எல்லாம் சேர்த்து 40 தையல் மிஷின். அதில் 11 மிஷின் ஆள் இல்லாமல் உறை போட்டுக் கிடக்கிறது. பீகாரில் இருந்து வந்த பையன்கள் சத் பூஜைக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை. இந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து மிஷின் வேலையைப் பறிக்கிறது என்று எழுதுகிறார்கள். ஆள் இல்லாமல்தான் மிஷின் வாங்குகிறோம், ஆளைத் துரத்த இல்லை.

தொழிலாளர் சட்டம்தான் இந்த நாட்டில் கம்பெனிகளை வளரவிடாமல் வைத்திருக்கிறது என்று ஒரு பெரிய ஆராய்ச்சியே உண்டு. அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடிக்குறிப்பு

நான் 12 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். பதவியின் பெயரைத் தமிழில் சொன்னால் 'புத்தாக்கமும் தொழிலாளர் சந்தைக் கொள்கையும்' என்று வரும். என் அம்மாவுக்கு இன்றுவரை அது விளங்கவில்லை, "பேங்கிலயா?" என்றுதான் கேட்பார்.

நேற்று என்ன செய்தேன் என்று சொல்கிறேன். காலை ஒன்பதரை முதல் சாயங்காலம் வரை ஒரே ஒரு தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கணினியில். முதல் வருடம் அதன் தொழில் எண் (என்ன தொழில் என்று அரசுக் கணக்கில் குறிக்கும் எண்) 1430, அதாவது பின்னலாடை தைப்பது. அடுத்த வருடம் 1391, பின்னல் துணி தயாரிப்பது. ஒரே காம்பவுண்டுக்குள் நிட்டிங்கும் தையலும் நடக்கிறது. எதில் வரவு அதிகமோ அந்த எண்ணை எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அட்டவணையில் பார்த்தால் ஆடைத் தொழிலில் ஒரே வருடத்தில் இருநூறு சொச்சம் பேருக்கு வேலை போய்விட்டது போலத் தெரியும். நிஜத்தில் ஒரு நாற்காலிகூட இடம் மாறவில்லை. இப்படிப்பட்டவற்றைத் தேடிப் பிடித்துச் சரி செய்வதில்தான் என் நாளில் முக்கால்வாசி போகிறது. ரெக்ரஷன் ஓடுவதற்கு நாலு நிமிடம். அதற்கு முன்னால் நாலு மாதம்.

தொழிலாளியிடம் பேசுவது உண்டா என்றால், உண்டு, ஆனால் போதாது. கேள்வித்தாளுடன் போவோம். 'கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் நிறுவனம் புதிய அல்லது மேம்பட்ட உற்பத்தி முறை எதையாவது அறிமுகப்படுத்தியதா?' என்று ஒரு கேள்வி இருக்கும். ஓஸ்லோ கையேடு என்று, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 1992-இல் முதலில் வெளியிட்ட ஒன்று உண்டு. உலகம் முழுக்கப் புத்தாக்கத்தை அளக்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கேள்வி தயாரிக்கிறார்கள். நான் ஒரு கம்பெனியில் இதைக் கேட்டபோது முதலாளி, "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க பண்றதுங்க மேடம், நம்ம கிட்ட ஒன்னும் இல்லைங்க" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஏழு மாதத்துக்கு முன் வாங்கிய துணி விரிக்கும் மிஷின் 'லே' போட்டுக்கொண்டிருந்தது, அதாவது வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையேட்டின்படி உலகத்துக்குப் புதிதாக இருக்க வேண்டியதில்லை, அந்தக் கம்பெனிக்குப் புதிதாக இருந்தால் போதும். நான் வேலைக்குப் புதிது, முதலாளி சொன்னபடியே 'இல்லை' என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மிஷின் வந்தால் ஆள் குறையும் என்று அவருக்கே தெரிகிறது என்றால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவரும் வெட்டுகிறவர் என்பதால் என்னைவிட அவருக்கு நன்றாகப் புரியும்.

பாகிஸ்தானில் சியால்கோட் என்று ஒரு ஊர். உலகத்தில் கையால் தைக்கும் கால்பந்துகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. ஒரு பந்துக்கு 20 அறுகோணத் துண்டு, 12 ஐங்கோணத் துண்டு. ரெக்ஸின் தாளுக்கு அடியில் துணி ஒட்டி, பிரஸ்ஸில் வைத்து, இரும்பு டையால் (துண்டின் வடிவத்தில் உள்ள வெட்டும் அச்சு) அடித்து வெட்டுவார்கள். அறுகோணம் தேன்கூடு மாதிரி இடுக்கில்லாமல் பொருந்திவிடும். ஐங்கோணம் பொருந்தாது, சுற்றிலும் வீணாகும். 39க்கு 54 அங்குலத் தாளில் வழக்கமாக ஏறக்குறைய 250 ஐங்கோணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எரிக் வெர்ஹூகன் என்ற பொருளாதார அறிஞரும் சகாக்களும் அங்கே ஆய்வுக்குப் போனார்கள். அன்னலிசா குட்சினி என்ற கட்டடக் கலைஞர், அவர் வெர்ஹூகனின் மனைவி, ஐங்கோணங்களை நேருக்கு நேர் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி அடுக்கும் ஒரு வடிவத்தை வரைந்தார். அதே தாளில் 272 கிடைத்தது. டைக்கு ஆகும் செலவு பெரிதில்லை. மிச்சமாவது ரெக்ஸின், செலவில் பெரிய பங்கு அதுதான்.

2012-இல் குலுக்கல் முறையில் 35 கம்பெனிகளைத் தேர்ந்து இந்த டையை இலவசமாகக் கொடுத்தார்கள். எல்லோரும் பாய்ந்து எடுத்துக்கொள்வார்கள் என்றுதானே நினைப்போம்? பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்தாறு கம்பெனிதான் உபயோகித்துக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் டை அலமாரியில்.

ஏன் என்று பாருங்கள். வெட்டுகிறவருக்குச் சம்பளம் பீஸ் ரேட். எத்தனை துண்டு வெட்டினாரோ அத்தனைக்குக் காசு. ரெக்ஸின் மிச்சமானால் அது முதலாளிக்கு. புதிய டையில் கை பழகும்வரை வேகம் குறையும், அந்த நஷ்டம் வெட்டுகிறவருக்கு. அதனால் அவர் முதலாளியிடம் போய் "இது சரிப்பட்டு வராதுங்க" என்று சொல்லிவிட்டார். பிரஸ் முன்னால் நிற்காத முதலாளியும் நம்பிவிட்டார். அங்கே ஒரு பெரிய கம்பெனி வெட்டுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. புதிய டையை அள்ளிக்கொண்ட கம்பெனியும் அதுதான்.

ஆய்வாளர்கள் இன்னொன்று செய்தார்கள். சில கம்பெனிகளில் வெட்டுகிறவர் ஒருவரையும் அச்சடிக்கிறவர் ஒருவரையும் கூப்பிட்டு, முதலாளி முன்னிலையில் புதிய முறையில் செய்து காட்டினால் ஏறக்குறைய ஒரு மாத வருமானத்துக்குச் சமமான தொகையை மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். கம்பெனியின் கணக்கில் அது சில்லறை. ஆனால் அதன் பிறகு டையை எடுத்துக்கொண்ட கம்பெனிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடின. 2017-இல் இது கட்டுரையாக வந்தது. நான் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே கட்டுரை இதுதான்.

அதனால் உங்கள் அப்பாவிடம், மிஷின் வருவதால் மட்டும் எதுவும் முடிவாகிவிடாது என்று சொல்லுங்கள். அதைக் கற்றுக்கொள்ளும் மாதத்தில் வருமானம் குறைந்தால் அதை யார் தாங்குவது, மிச்சமாகும் துணியில் யாருக்குப் பங்கு, இந்த இரண்டையும் தெளிவாகப் பேசாத இடத்தில் நல்ல மிஷின்கூடத் தூசி பிடித்துப்போகும். நம் நாட்டில் ஜவுளிக்கு மிஷின் வாங்க 1999 முதல் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் இருந்தது. பிற்பாடு அது திருத்தி வந்தபோது ஆடைத் தயாரிப்பு மிஷினுக்கு 15 சதவீத மூலதன மானியம். வாங்குகிறவருக்குக் கை கொடுத்தார்கள், சரிதான். அந்த மிஷின் முன்னால் போய் நிற்கிறவரின் முதல் மாதத்துக்கு அந்த மானியத்தில் ஒரு வரி கிடையாது. கொள்கை ஆராய்ச்சி என்று நான் சம்பளம் வாங்குவது இந்த மாதிரி விட்டுப்போன வரிகளைக் காட்டத்தான். காட்டினால் கேட்பார்களா என்பது வேறு.

மழுப்ப வேண்டாம் என்று கேட்டீர்கள், அதனால் கசப்பான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தொலைபேசிக் கம்பெனி 1919 முதல் ஊர் ஊராகத் தானியங்கி இணைப்பகத்துக்கு மாறியது. அதுவரை இணைப்புக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். ஃபைகன்பாம், கிராஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பெண்களைத் தேடினார்கள். ஊர் மாறிய பிறகு வேலைக்கு வந்த அடுத்த தலைமுறைப் பெண்களுக்கு நஷ்டமில்லை, ஆபீஸ், ஓட்டல் என்று வேறு வேலை கிடைத்தது. மாறிய நாளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அடிபட்டார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அவர்களில் பலர் குறைந்த சம்பளத்தில் இருந்தார்கள், அல்லது வேலையிலேயே இல்லை. 'மொத்தத்தில் வேலை குறையவில்லை' என்று என் துறை ஆட்கள் மேடையில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலிக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். உங்கள் அப்பாவுக்கு 53 வயது. புதிய மிஷினில் பேட்டர்ன் போடும் வேலைக்கு யாரை எடுக்கப் போகிறார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை என்றால், இப்போதே கேட்டுவிடச் சொல்லுங்கள். எந்தத் துணி எவ்வளவு இழுபடும் என்பது கம்ப்யூட்டர் படித்துவிட்டு வரும் பையனுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அதை வைத்துத்தான் அவர் பேச வேண்டும்.

வீடுவீடாக

மேடம் சொல்லும் எண்களை வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வருவது எங்களைப் போன்றவர்கள். பி.எல்.எஃப்.எஸ். என்ற அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் இருந்தேன். 2017-இல் ஆரம்பித்தது அது. தம்பி ப்ராஜெக்டுக்கு உதவும் என்று ஒன்று சொல்கிறேன்.

ஒரு லைன் வீட்டில் ஒரு அம்மாவிடம் "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்றேன். "இல்லைங்க, வீட்லதான்" என்றார். எழுதுகோல் 92-க்குப் போய்விட்டது. 92 என்றால் வீட்டு வேலை மட்டும், அதாவது உழைப்பாளர் கணக்கிலேயே அவர் கிடையாது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் மடியில் ஒரு குவியல் டிசர்ட். பேசிக்கொண்டே சின்னக் கத்தரியால் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் டிவிஎஸ் எக்ஸலில் ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டுப் போவாராம், சாயங்காலம் எண்ணிக் காசு கொடுத்து எடுத்துப் போவாராம். "இது எப்படிங்க வேலையாகும், டிவி பாத்துக்கிட்டே பண்றதுதானே" என்கிறார். கடைசியில் 11 எழுதினேன், சொந்தமாகத் தொழில் செய்பவர் என்று. போன ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அந்த வாரக் கணக்கில் வேலையில் இருப்பவர்தான். நான் நிமிர்ந்து பார்க்காமல் போயிருந்தால் திருப்பூரில் ஒரு பெண் தொழிலாளி குறைவு. நாளைக்குப் பிசிறு வெட்டவும் மிஷின் வந்தால், அந்த அம்மாவுக்கு வேலை போனதும் எந்த அட்டவணையிலும் வராது.

அடிக்குறிப்பு

வீடுவீடாக, இதை நான் பயிற்சி வகுப்பில் சொல்லப் போகிறேன், உங்கள் பெயரில்லாமல். மூட்டை கொண்டுவரும் எக்ஸல்காரரை எந்த எண்ணில் போட்டீர்கள் என்று இன்னொரு நாள் கேட்கிறேன்.

நாற்பது_மிஷின் அண்ணன், ஆள் கிடைக்கவில்லை என்பதும் நிஜம், 53 வயதுக்காரருக்கு இடம் போகிறது என்பதும் நிஜம். ஒரே தெருவில் இரண்டும் நடக்கும். உறை போட்ட 11 மிஷினுக்கு நீங்கள் தேடுவது இருபத்திரண்டு வயதில், கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஆள். அவர் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு ஷிப்டு மட்டும் பார்த்துவிட்டு நாலரை மணிக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போக வேண்டும் என்று கேட்டு வரும் பெண்ணை வைத்துக்கொள்வீர்களா?

சட்டம் பற்றிச் சொன்னது பெஸ்லி, பர்ஜஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2004-இல் எழுதிய கட்டுரைதான். வாய் திறக்காமல் என்ன, இருபது வருடமாக அதை வைத்துத்தான் சண்டையே. மாநிலங்கள் தொழில் தகராறு சட்டத்தில் 1958 முதல் 1992 வரை செய்த திருத்தங்களை எல்லாம் எடுத்து, தொழிலாளிக்குச் சாதகம் என்றால் கூட்டல் ஒன்று, முதலாளிக்குச் சாதகம் என்றால் கழித்தல் ஒன்று என்று மதிப்பெண் போட்டார்கள். கூட்டல் வாங்கிய மாநிலங்களில் பதிவு பெற்ற ஆலைகளின் உற்பத்தியும் வேலையும் குறைந்தது என்று முடிவு வந்தது. அதில் குஜராத் தொழிலாளி பக்கம், கேரளம் முதலாளி பக்கம்! குஜராத் அப்படி ஆனது ஒரே ஒரு திருத்தத்தால். கூட்டு நிர்வாகக் குழுவுக்குத் தன் பிரதிநிதியை நியமிக்காத முதலாளிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம். டெல்லியில் பொருளாதார அறிஞர் ஆதித்ய பட்டாச்சார்ஜியா 2006-இல் இதை எடுத்துக் காட்டி, இந்த மதிப்பெண் முறையே ஆட்டம் காண்கிறது என்று எழுதினார். ஐம்பது ரூபாய் அபராதத்துக்குப் பயந்து குஜராத்தில் ஆலை கட்டாமல் போனவர் யாராவது இருந்தால் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அதற்காகச் சட்டத்தால் ஒரு பாதிப்பும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி நெடுநாள் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்கு இருந்தது. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் அது 300 ஆனது. உங்களுடையது 40 மிஷின். அந்தக் கோடு எங்கே இருந்தாலும் உங்கள் வாசலுக்கு வராது. உங்களை வளரவிடாமல் வைத்திருப்பது எது என்று உங்களிடமே உட்கார்ந்து கேட்க வேண்டும். பில் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பதில் இருந்து ஆரம்பிப்பேன்.

நாற்பது_மிஷின்

90 நாள். சில பார்ட்டி 120. வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன். நாலரை மணிப் பெண்ணை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லவில்லை, லைன் பேலன்ஸ் உதைக்கும் (வரிசையில் ஒருவர் எழுந்து போனால் அடுத்தவர் வேலை நிற்கும்), அதுதான் பிரச்சினை.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. அக்கா என்று கூப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

சியால்கோட் கதையை இன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். போனில் ஐங்கோணப் படத்தைக் காட்டினேன். விரலை வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வெட்டறவன் சொன்னது பொய்யில்லயே, அவனுக்கு அது சரிப்பட்டு வராதுதான்" என்றார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மூட்டையை விற்ற காசு கட்டிங் செக்ஷனுக்குத்தானாம். வருடம் முழுக்க டீச் செலவு, ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் அதில்தான். 'லே'யில் இரண்டு இஞ்ச் இறுக்கிப் போட்டால் துணி மிச்சமாகும் என்று எல்லோருக்கும் தெரியுமாம். யாரும் இறுக்கிப் போட்டதில்லை. "முதலாளி கேக்கல, நாங்களும் சொல்லல."

26 வருடத்தில் இதை வீட்டில் அவர் சொன்னதே இல்லை. ப்ராஜெக்டில் எழுதலாமா என்று கேட்டேன், கம்பெனி பெயர் போடாமல் எழுது என்றார்.

பேட்டர்ன் வேலை பற்றி மேனேஜரிடம் கேட்கச் சொன்னதற்கு மட்டும் பதிலே சொல்லவில்லை.

அடிக்குறிப்பு

எழுதுங்கள், முதல் அத்தியாயமே அதை வைத்து எழுதுங்கள். நாற்பது பக்கக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நான் எத்தனை கட்டிங் ரூமுக்குப் போயிருக்கிறேன், வேஸ்ட் மூட்டைக் காசு யாருக்கு என்று ஒரு இடத்தில்கூடக் கேட்டதில்லை. இப்போதைய கம்பெனியில் அந்தக் காசு எங்கே போகிறது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்வீர்களா? ஆட்டோ கட்டர் வந்த பிறகு வேஸ்ட் குறைந்திருக்குமே.

நொய்யல்கரை

கேட்டேன். இந்த வருடப் பூஜைக்கு மேனேஜரே தன் கையால் 2,000 ரூபாய் கொடுத்தாராம். ஆட்டோ கட்டருக்கும் மாலை போட்டார்களாம். போட்டது அப்பாதான்.